ஓடைக்கரைச் சுவரில் ஒருவழிக் கதவு

அநியாயம் நடந்தது ஓடைக்கரைக் காலனியின் அறுபத்து மூன்று வீடுகளுக்கு. நடந்த விதம் இது: பதினோரு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலனியின் ஆணும் பெண்ணும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பக்கத்துச் செல்வலட்சுமி நகர்க்காரர்கள் இரண்டு லாரி ஹாலோ பிளாக் கல்லை இறக்கி, காலனித் தெருவும் நகர்த் தெருவும் ஒன்றாகச் சேருகிற இடத்தில், ஓடைக்கரையிலிருந்து ரைஸ்மில் மதில் வரைக்கும் எட்டடி உயரத்துக்கு ஒரு சுவரை எழுப்பிவிட்டார்கள், சாயங்காலம் திரும்பி வந்தவர்கள் தங்கள் தெருவின் நுனி காணாமல் போன இடத்தில் ஈரச் சிமெண்டு வாசத்தை முகர்ந்துகொண்டு நின்றார்கள். நாய் வருகிறது, அதனால் கட்டினோம் என்றார்கள். ஆடு வருகிறது என்றார்கள். திருடன் வருகிறான் என்றார்கள். நாயும் ஆடும் ஓடைக்குள் இறங்கி ஏறி வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தன, திருடன் என்று காலனியில் ஒருவனும் எந்தக் காலத்திலும் பிடிபட்டதில்லை, ஆகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வராமல் போனது மனிதர்கள் மட்டும்தான். காலனிக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். மனுவுக்கு எண் வந்தது. பதில் வரவில்லை.

அந்த அறுபத்து மூன்றில் ஒன்று ராசப்பனின் வீடு. நகரைத் தாண்டிப் பைபாஸ் ரோட்டில் இருக்கும் பஸ் பாடி கட்டும் பட்டறையில் அவர் முப்பது வருடமாகத் தகடு அடிக்கிறவர். சுவர் வருவதற்கு முன்னால் அவர் வீட்டு வாசலுக்கும் பட்டறை வாசலுக்கும் நடுவே நானூற்றுப் பன்னிரண்டு எட்டுகள். சுவர் வந்த பிறகு, ஓடைப் பாலம் ஏறி, ரைஸ்மில் முதுகைச் சுற்றி, கருவேலங்காட்டுக்குள் புகுந்து இரண்டே முக்கால் கிலோமீட்டர். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு பஸ்ஸின் கூரையிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. காலையில் ஒரு மணி நேரம் நடந்தார், சாயங்காலம் கால் வீங்கிவிடுவதால் ஒன்றரை மணி நேரம் நடந்தார். பெரியாஸ்பத்திரி டாக்டர் நடையைக் குறைக்கச் சொன்னார். ராசப்பன் சரிங்க என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார். தைப்பொங்கல் வரைக்கும் பார்ப்பேன், அப்புறமும் தினம் லேட் என்றால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று பட்டறை முதலாளி சொல்லியிருந்தார்.

ராசப்பனின் மகள் ஜான்சிராணி. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, காலனி முனையில் இருக்கும் இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் தட்டுகிறவள். பகல் இரண்டு மணிக்கு மேல் அரசாங்கத்தின் சர்வர் படுத்துக்கொள்ளும், படுத்தால் சாமானியத்தில் எழுந்திருக்காது. கூட்டம் கலைந்து போன அந்த வெறும் நேரத்தில், பிளஸ் டூவில் இலவசமாகக் கிடைத்த மடிக்கணினியைத் திறந்துவைத்து, இருபது வருடத்துப் பழைய கம்ப்யூட்டர் சாகச விளையாட்டு ஒன்றுக்கு அவள் லெவல், அதாவது ஆடிக் கடக்க வேண்டிய புதுக் கட்டம், கட்டுவாள். கையில் விளக்கோடு ஒரு பயணி இருட்டுக்குள் வழி தேடிப் போகிற விளையாட்டு அது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டாலும், உலகத்தின் பல மூலைகளில் ஒரு முந்நூறு நானூறு பேர் அதற்குப் புதுப் புது லெவல்களைக் கட்டி, தங்களுக்கென்று வைத்திருக்கும் இணைய மன்றத்தில் போட்டு, ஒருவர் லெவலை ஒருவர் ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, பெயர் கிடையாது. மற்றவர்கள் எகிப்தையும் பனிமலையையும் கட்டினார்கள். ஜான்சி ஓடைக்கரைக் காலனியைக் கட்டினாள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளை, சாக்கடை மேல் போட்ட உடைந்த பலகைக் கற்களை, பக்கத்து வீட்டு அங்கம்மாவின் நீலக் கதவை எல்லாம் கைபேசியில் படம் பிடித்து அந்தப் படங்களையே சுவருக்கும் தரைக்கும் ஒட்டினாள். கிழக்கே அந்தச் சுவரையும் வைத்தாள், அதே எட்டடியில். அங்கேதான் வேலை ஆறு நாள் நின்றது. ஏனென்றால் அந்த மன்றத்துக்கு ஒரு விதி உண்டு: ஆடுகிறவர் போய்ச் சேர ஒரு வழியாவது இல்லாத லெவலை அவர்கள் ஏற்கமாட்டார்கள். எவ்வளவு கஷ்டமாகவும் இருக்கலாம், ஆனால் கடக்க முடிய வேண்டும். முகம் தெரியாத முந்நூறு பேர், பொழுதுபோக்குக்குக் கூடுகிற இடத்தில், இப்படி ஒரு நியாயத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு தாலுகா ஆபீசும் ஒரு போலீஸ் ஸ்டேஷனும் ஒரு கலெக்டர் ஆபீசும் இருக்கிற ஊரில் அதை யாரும் எழுதிவைக்கவில்லை. இதற்கு என்ன பதில் என்று யாராவது சொல்லட்டும்.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சர்வர் படுத்திருந்த நேரத்தில், அவள் சுவரில் ஒரு கதவு வைத்தாள். கருமரத்தில், பித்தளை வளையத்தோடு, மேலே இரண்டு யாளி முகத்தோடு. அதைத் திறக்க ஒரு விசை வேண்டுமே. ஒன்பது வருடமாகத் தண்ணீர் வராத காலனிக் கைபம்பை விசையாக வைத்து, மூன்று தரம் அடித்தால் கதவு திறக்கும் என்று எழுதினாள். கதவுக்கு அந்தப் பக்கம் எதையாவது வைக்க வேண்டும். நகர்த் தெருவை அவள் நின்று பார்த்தது கிடையாது, பதினைந்து வயதுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று கடந்துபோனதோடு சரி. அதனால் விளையாட்டோடு ரெடிமேடாக வருகிற அரண்மனை முற்றம் ஒன்றை, பளிங்குத் தரையும் நீரூற்றுமாக, அங்கே தூக்கி வைத்தாள். லெவலை மன்றத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அங்கம்மாவுக்கு அதை ஆடிக் காட்டிக்கொண்டே சோறு தின்றாள்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, அங்கம்மா தெரு முனையில் சாணி தெளிக்கப் போனவள், சுவரில் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து குரல் கொடுத்தாள்.

“ஏம்புள்ள ஜான்சி, உங் கதவு வந்திருக்குது. வந்து பாரு.”

ஜான்சி போய்ப் பார்த்தாள். “வளையம் இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாம்” என்றாள்.

“அதொண்ணும் குறையில்ல. பம்ப நாந்தான் அடிப்பேன், சொல்லிட்டேன். எவளும் போட்டிக்கு வரக்கூடாது.”

அங்கம்மா மூன்று தரம் அடித்தாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது. அந்தப் பக்கம் மூன்று எட்டு தூரத்துக்குப் பளிங்குத் தரை, நடுவே நீரூற்று, அதைத் தாண்டிக் காலடி வைத்தால் செல்வலட்சுமி நகரின் சிமெண்டு ரோடு. அங்கம்மா வாசற்படியில் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

“எதுக்குக் கழட்டறீங்க?”

“பளிங்கு அழுக்காயிடும்ல.”

“பளிங்குக்காகவா கழட்டறீங்க?”

அங்கம்மா அவளைப் பார்த்தாள், கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள், அதைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு பளிங்கின் மேல் சேறு படப் படப் போனாள்.

அன்றைக்கு முதல் காலனிக்குக் கதவு பழகிப்போயிற்று. ஆறே முக்காலுக்குப் பஞ்சு மில்லுக்குப் போகிறவர்கள், ஏழரைக்குப் பட்டறைக்காரர்கள், எட்டரைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று வரிசை தானாக அமைந்தது. நீரூற்றில் முகம் கழுவி, கால் கழுவி, போகிற போக்கில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார்கள். மாதவிடாய் வலிக்கு அந்தத் தண்ணீர் நல்லது என்று யாரோ சொல்ல, இல்லை சளிக்குத்தான் நல்லது என்று வேறு யாரோ சொல்ல, கதவுக்கு மஞ்சள் பூசலாமா கூடாதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை நடந்து, பூசினால் நகர்க்காரன் கோயிலென்று உரிமை கொண்டாடுவான் என்பதால் பூசவேண்டாம் என்று முடிவாயிற்று. கதவு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவர் எப்படி வந்தது என்று தெரிந்த பிறகு கதவு வருவதில் என்ன அதிசயம்.

ஒரு குறை மட்டும் இருந்தது. போகலாம், வர முடியாது. நகர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் கதவும் இல்லை, முற்றமும் இல்லை, காரை பூசிய சுவர் மட்டும் இருந்தது. சாயங்காலம் எல்லோரும் பழையபடி கருவேலங்காட்டைச் சுற்றித்தான் வந்தார்கள். ராசப்பன் காலையில் பட்டறைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார், முதலாளி வேறு ஆள் என்ற பேச்சை விட்டுவிட்டார். சாயங்காலம் அதே ஒன்றரை மணி நேரம், அதே வீங்கிய கால்.

“பாதி நல்லதாச்சுல்ல கண்ணு” என்றார் மகளிடம்.

“பாதி நியாயம்னு ஒண்ணு கிடையாதுப்பா” என்றாள் அவள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே.

நகர்க்காரர்களுக்கு இது வேறு விதமாகத் தெரிந்தது. காலையில் பால் பாக்கெட் எடுக்க வருகிறவர்கள், வெறும் சுவரிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக, ஈரத் தலையோடு, சோற்றுத் தூக்குப்போசியோடு வெளியே வந்து ரோட்டில் நடந்து போவதைப் பார்த்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் சென்னியப்பன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் முறைப்படி செய்கிறவர். சுவரிலிருந்து வெளியே வருவது எந்தச் சட்டப் பிரிவில் குற்றம் என்று வக்கீலைக் கேட்டார், அப்படிப் பிரிவு இல்லை என்று தெரிந்ததும் ஒரு பலகை எழுதி மாட்டினார்: ‘சுவரிலிருந்து வருவோர் கவனத்திற்கு. வருவோர் தெருவில் நிற்காமல் செல்லவும்.’ அதற்கும் அடங்காமல், வருகிற இடத்தை அடைக்க, சாமி படம் போட்ட டைல்ஸ்களைச் சுவர் நெடுக ஒட்டவைத்தார். பிள்ளையார், முருகன், ஏசு, மெக்கா எல்லோரையும் வரிசையாக. மறுநாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அவருடைய மருமகள் நிமிர்ந்து பார்த்த நேரத்தில், முருகன் படத்தின் நடுவிலிருந்து ராசப்பன், தலையில் நீரூற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் போசியோடு வெளியே வந்தார். அந்தப் பெண்ணின் கை தன்னால் கும்பிட்டுவிட்டது. ராசப்பனும் மரியாதைக்குப் பதில் கும்பிடு போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு போனார். அன்று மதியமே டைல்ஸ்களைப் பெயர்த்துவிட்டார்கள்.

சங்கம் ஜான்சியைக் கூப்பிட்டனுப்பியது. அவள் போனாள். உட்காரச் சொல்லவில்லை, அவளாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“யாரைக் கேட்டு எங்க சுவத்துல கதவு வெச்சே, அம்மிணி?” என்றார் சென்னியப்பன்.

“யாரைக் கேட்டு எங்க வழியில நீங்க சுவரு வெச்சீங்க?”

இந்த இடத்தில் வாதம் முடிந்துவிடும் என்றுதான் அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். சென்னியப்பன் சிரிக்கக்கூட இல்லை. பீரோவைத் திறந்து தீர்மான நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: சுவர் எழுப்புவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது, முப்பத்தெட்டுக் கையெழுத்து. “எல்லாரையும் கேட்டுத்தான் வெச்சோம். பாரு.”

எல்லாரையும் என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இதற்கு நடுவே மன்றத்தில் அவளுடைய லெவலை ஆடியவர்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். பின்லாந்துக்காரர் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்: தெருவுக்குக் குறுக்கே அந்தச் சுவர் ஏன் நிற்கிறது என்று புரியவில்லை, தடை என்று வைத்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு டிராகனையாவது வையுங்கள். மற்றவர்கள் எழுதியது வேறு. உங்கள் லெவலில் ஒரு மனிதர் வருகிறாரே என்று எழுதினார்கள். வலது காலை இழுத்து நடக்கிறார், இடது கையில் ஒரு பாத்திரம், என் பயணியோடு கூடவே கதவைத் தாண்டுகிறார், பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார், இவரிடம் என்ன வாங்க வேண்டும், இவரை அடிக்கலாமா? அப்படி ஒருவரை ஜான்சி லெவலில் வைக்கவே இல்லை. ‘அடிக்காதீர்கள், ஒதுங்கி வழி விடுங்கள்’ என்று எழுதினாள். எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். பிறகு பிரேசிலில் இருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: அவர் போன பிறகு கதவருகிலேயே என் பயணியை மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தேன், விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அவர் எப்போது திரும்பி வருவார்?

ஜான்சி அதைப் பல தடவை படித்தாள். பிறகு லெவல் கட்டுகிற மென்பொருளான எடிட்டரைத் திறந்து பார்த்தாள், தப்பு எங்கே என்று பார்த்த உடனே தெரிந்தது. அந்த எடிட்டரில் சுவர் என்று தனியாக ஒரு சாமான் கிடையாது. தொடக்கத்தில் உலகம் முழுக்க ஒரே பாறை. அதில் அறை அறையாகத் தோண்டிக்கொண்டு போக வேண்டும், எவரும் தோண்டாமல் விட்ட இடம்தான் சுவர். இரண்டு அறைக்கு நடுவே கதவு வைத்தால் இந்த அறையிலிருந்தும் இணைக்க வேண்டும், அந்த அறையிலிருந்தும் இணைக்க வேண்டும், அளவு அங்குலம் பிசகக் கூடாது. அவள் அந்தப் பக்கத்தைத் தோண்டவே இல்லை; கடன் வாங்கிய அரண்மனையை வைத்து மூடிவிட்டிருந்தாள். அரண்மனைக்கும் காலனிக்கும் அளவு எப்படிப் பொருந்தும்? செல்வலட்சுமி நகரை அளந்தாக வேண்டும். தெருவில் நிற்காமல் எப்படி அளப்பது?

அந்த வாரமே சென்னியப்பன் ஆள் விட்டுச் சொன்னார். சங்கமே சுவரில் இரும்புக் கேட் ஒன்று வைக்கும், காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து ஏழு, வாட்ச்மேன் இருப்பார், நோட்டில் எழுதிவிட்டு இரண்டு பக்கமும் போகலாம் வரலாம். பதிலுக்கு அந்தப் பெண் கம்ப்யூட்டரில் இருக்கிற கதவை அழித்துவிட வேண்டும். மாதிரிக்கு ஒரு நோட்டையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

“ஒத்துக்கலாம் கண்ணு” என்றார் ராசப்பன்.

“அப்பா.”

“நீ நடக்கறதில்ல. நான் நடக்கறேன்.”

அவளிடம் பதில் இருந்தது, நாற்பது பதில் இருந்தது, பட்டியல் போட்டு வாதாடக்கூடியவள்தான். ஆனால் பலகையின் மேல் நீட்டி வைத்திருந்த அந்தக் காலைப் பார்த்தாள். அழிக்கிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டாள். அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் அவள் எழுந்து வந்தபோது அவர் பட்டறைப் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பேருன்னு ஒரு கட்டம் இருக்குது, சரி. நேரம், சரி” என்றார். “கடைசிக் கட்டத்துல ‘செல்லும் காரணம்’னு போட்டிருக்குது. எம்பட வீட்டுக்கு நான் போறதுக்கு என்ன காரணம்னு எழுதறது?” டேப்பின் நாக்கை இழுத்துப் பார்த்தார். “ஒரு முனைய நான் புடிக்கறேன். நீ அந்தப் பக்கம் ஓடு. நூலு கணக்கு வரைக்கும், அங்குலத்துல எட்டுல ஒண்ணு வரைக்கும் எடுத்துக்கலாம்.”

பட்டறையில் மூன்று நாள் லீவு சொன்னார். கூரையிலிருந்து விழுந்து படுத்திருந்த நாட்களைத் தவிர, முப்பது வருடத்தில் அவர் கேட்ட முதல் லீவு அது. அங்கம்மா பம்ப் அடிக்க, அப்பாவும் மகளும் கதவைத் தாண்டிப் போய், செல்வலட்சுமி நகரின் நடுரோட்டில், நல்ல வெயிலில் நின்றார்கள். டேப்பை விரித்தார்கள். ராசப்பன் அளவைச் சொல்லச் சொல்ல ஜான்சி எழுதினாள்: ரோடு பதினெட்டடி மூன்றங்குலம், சாக்கடை ஒன்றே காலடி, மின்கம்பத்துக்கும் மதிலுக்கும் நாலடி ஐந்து நூல். சென்னியப்பன் வெளியே வந்தார்.

“நிக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்குதல்ல?”

“நிக்கலீங்க. அளக்கறோம்” என்றாள் ஜான்சி.

அவர் போர்டைப் படித்துப் பார்த்தார். அளப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. முறைப்படி நடக்கிறவர் என்பதால், அதைச் சேர்க்க ஒரு கூட்டம் போட வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டியிருந்தது.

மூன்று நாள் அளந்தார்கள். சுருதி போலச் சொல்லிக்கொண்டே போன அப்பாவின் எண்களுக்கு நடுவே ஜான்சி அந்தத் தெருவை வாழ்க்கையில் முதல் தடவையாக நின்று பார்த்தாள். உடைந்த பலகைக் கல் இங்கேயும் சாக்கடை மேல் கிடந்தது. அதே சாக்கடைதான், காலனியைத் தாண்டி இங்கே வந்து இங்கேயும் நாறியது. துணி போர்த்திய கார் ஒன்று, தொட்டியில் வாடிய துளசி, ஒரு வீட்டில் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். பளிங்கு ஒரு சதுர அடிகூட இல்லை. பதினோரு வருடமாக இவர்களுக்கு ஒரு அரண்மனையைக் கொடுத்து வைத்திருந்தது யார்? இவர்கள்கூட அப்படிக் கேட்டதில்லையே, நானாகக் கொடுத்தேனே என்று அவளுக்குத் தன்மேலேயே வந்த கோபம், சுவரைக் கட்டியவர்கள் மேல் வந்த கோபத்தைவிடக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

நாலாம் நாள் மதியம் சர்வர் படுத்ததும் அவள் அரண்மனையை அழித்தாள். நீரூற்று போனது. அந்த இடத்தில் செல்வலட்சுமி நகரைத் தோண்டினாள், பதினெட்டடி மூன்றங்குலத்துக்கு, துளசித் தொட்டியும் இருமலும் உட்பட. இந்தப் பக்கமிருந்து இணைத்தாள். அந்தப் பக்கமிருந்து இணைத்தாள். ஐந்து நூலில் ஒரு நூல் பிசகவில்லை. லெவலை மறுபடி மன்றத்தில் போட்டாள்.

“நல்ல தண்ணி ஊத்துல்ல அது, அத எதுக்கு எடுத்தே” என்று அங்கம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராசப்பன் பட்டறையிலிருந்து வந்தார். கருவேலங்காட்டுப் பக்கம் திரும்பாமல், போசியை இடது கையில் பிடித்துக்கொண்டு, நகர்த் தெருவிலேயே மெதுவாக நடந்தார். மன்றத்துக்காரர்கள் அன்றைக்கு எழுதியபடி, உலகத்தின் ஏழெட்டு மூலைகளில் ஏழெட்டுப் பயணிகள் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நின்று அவருக்கு வழி விட்டார்கள். நகர்க்காரர்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். தெருவின் நுனியில், சுவரில், ஏழடிக்கு நாலடி ஒரு திறப்பு. அதன் வழியாகக் காலனியின் வெயிலும், கொடியில் காயும் துணியும், கைபம்பின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையும் இங்கிருந்தே தெரிந்தன. ஜான்சி அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ராசப்பன் மடங்காத காலை முதலில் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயுமாக அவர் இருந்தபோது சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். தடுக்க ஒரு தீர்மானமும் கைவசம் இல்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு,

“ராசப்பா, போறது போறே, கதவச் சாத்திட்டுப் போடா” என்றார்.

ராசப்பன் நின்றார். திறப்பின் ஓரத்தைத் தகடு தடவிப் பார்க்கிறவரின் கையால் மேலிருந்து கீழே தடவினார், கீல் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார், மறு ஓரத்தையும் அதேபோலத் தடவினார். மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சென்னியப்பனைப் பார்த்து, அளவு சொல்லுகிற அதே குரலில் சொன்னார்:

“சாத்தறதுக்கு இதுல கதவு வெக்கலீங்க.”